மூச்சைப் பிடி

சங்கிலியைக் கழற்று. சட்டையையும்.
நெஞ்சைத் தட்டோடு ஒட்டி
தாடையை மேலே வை.
தோள்கள் முன்னால். இன்னும். ஆங்.
மூச்சை இழு.
பிடி.

உதவித்தொகையில் படிக்கப் போகிற எவரும்
இந்த இயந்திரத்தைக் கட்டிக்கொள்ளாமல்
தராவாவிலிருந்து விமானம் ஏறியதில்லை.
இதன் நெற்றியில் ஒரு நாட்டின் கொடி,
கீழே 'மக்களின் அன்பளிப்பு' என்று இரண்டு மொழியில்.
ஜெனரேட்டரில் வேறொரு கொடி.
நீ கொண்டுவந்த பழுப்பு உறையில் மூன்றாவது.
மூன்று கொடிகளுக்கு நடுவே
சட்டையில்லாமல் நிற்கிறாய், கபுரே,
கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு,
கப்பல் பொறியியல், நான்கு ஆண்டு,
குளிர்ச்சட்டை வாங்கத் தனியே ஒரு தொகை.

படிவத்தை நானும் நிரப்பியிருக்கிறேன்.
தெருவின் பெயர் கேட்கும்.
இருப்பது ஒரே தெரு,
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல்.
பதினெட்டாம் கேள்வி:
படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவாயா?
'ஆம்' என்ற கட்டத்துக்குள் டிக் அடித்தோம்.
நாடும் இங்கேயே இருக்கும் என்று
யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.
கேட்கவும் தோன்றவில்லை. கட்டம் சின்னது.

நம் எழுத்து பதின்மூன்றுதான்.
ஸ் ஒலிக்கு எழுத்தில்லை, வேறொன்றை எழுதி
அப்படி வாசித்துக்கொள்வோம்.
நேர்காணலுக்கு வந்த அதிகாரி
நாட்டின் பெயரையே தப்பாகச் சொன்னார்.
நான் திருத்தவில்லை.
ஆறு இடம். நான் ஏழாவது.

ஏழாவதாக நிற்பது உனக்குத் தெரியாது,
நீ எதிலும் முதல்.
ஏழாவது ஆளுக்குத் தூக்கம் வராது.
முன்னால் நிற்கும் ஆறு பேரின் இருமலும்
அவளுக்குக் கேட்கும்,
பேருந்தில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவிலும்.
தேவாலயத்தில் எல்லோரும் மழைக்கு மண்டியிட்ட ஞாயிறு
நான் கேட்டது ஒரு புள்ளி.
யாருடைய நெஞ்சிலாவது.
சின்னதாக.
பிறகு ஆறிவிடட்டும், ஆண்டவரே,
என்றும் சேர்த்துக்கொண்டேன்,
கடன் வாங்கும்போதே வட்டியையும் கட்டுகிறவளைப் போல.

கேட்டது கிடைத்தது.
மரேவேயின் இடது நுரையீரல்.
அவள் இடத்தில் நான் சூவாவுக்குப் போனேன்,
எலும்பின் நிழலை வாசிக்க மூன்று ஆண்டு படித்தேன்.
முதல் மாதப் பணத்தில் அவளுக்கொரு குடை வாங்கி
அனுப்பாமலே வைத்திருந்தேன்.
ஆறு மாத மாத்திரையில் அவளுக்குக் குணமாயிற்று
(மாத்திரைப் பெட்டியிலும் ஒரு கொடி).
இப்போது ஆஸ்பத்திரி வாசலில் சூரை மீன் விற்கிறாள்.
எனக்கு மட்டும் நிறுக்காமல் தருவாள்.
அது அன்பா,
இல்லை அவளுக்குத் தெரியுமா?
இதுவரை கேட்டதில்லை.

இதோ திரையில் உன் விலா எலும்புகள்,
கரையேற்றிய படகின் சட்டங்கள் மாதிரி.
இதயம் லேசாகச் சாய்ந்து, இருக்க வேண்டிய இடத்தில்.
வலது மேல்மூலையில்
ஒரு வெண்மை.
அரிசி அளவு.

பழைய தழும்பாக இருக்கலாம்.
இயந்திரத்தின் தூசியாக இருக்கலாம்.
தீர்ப்பு என்னுடையதல்ல.
இரவில் இணையம் கொஞ்சம் தெளிந்ததும்
படம் கடல்தாண்டிப் போகும்,
அங்கே ஒரு மருத்துவர் காப்பி குடித்தபடி சொல்வார்.
என் வேலை அனுப்புவது.
இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பதும்
என் வேலைக்குள் வரும் என்றே நினைக்கிறேன்.

வெளியே பெஞ்சில் எரிமேத்தா,
இந்த வருடத்து ஏழாவது.
உனக்குத் துணையாக வந்தேன் என்றாள்.
கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்கிறாளாம்,
நர்ஸ் சொன்னாள்.
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
அந்த முகம் எனக்குத் தெரியும்.

அட, கபுரே,
இன்னும் பிடித்துக்கொண்டா நிற்கிறாய்?
விடு. விடு, தம்பி.
சொல்ல மறந்துவிட்டேன்.

நகராதே.
இன்னும் ஒரு படம்.